குறி தப்பும் ரைஃபிளும் சைட்டைத் திருகும் கையும்

போன வருஷம்வரை சொன்ன இடத்தில் குண்டு போட்ட ரைஃபிள் இந்த வருஷம் ஒரு சாண் தள்ளிப் போடுகிறது. வைத்திருப்பவரின் கை முதலில் போவது சைட்டுக்குத்தான். டெலஸ்கோப் இருந்தால் நாலு கிளிக் திருகுவார். இரும்பு சைட் என்றால் முன் சைட்டைத் தட்டி நகர்த்துவார். அடுத்த இரண்டு குண்டு நடுவை நெருங்கினால் துப்பாக்கி சரியாகிவிட்டது என்று உறைக்குள் வைத்துவிடுவார். இந்தப் பழக்கத்தில் நியாயம் உண்டு. அந்த நியாயத்தைவிட ஆபத்து பெரிது என்பது என் கருத்து.

திருத்தணிப் பக்கத்தில் இதை ஏன் பேச வேண்டும்? திருவாலங்காட்டு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு அனுப்பும் வயல்கள், வேர்க்கடலைக் கொல்லைகள், அவற்றை ஒட்டி ஆந்திர எல்லைக் குன்றுகள் என்று இருக்கிற நிலம் இது. திருத்தணி வழியே போகும் ரயில் பாதையில் ரேணிகுண்டாவைத் தாண்டிக் கடப்பைப் பக்கம் போனால் மாமண்டூர். அந்தப் பக்கத்துச் சாமலாப் பள்ளத்தாக்கின் புலியைப் பற்றித்தான் வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன் 1954இல் வந்த தன் முதல் புத்தகத்தில் எழுதினார். அந்த வேட்டைக்காலம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு முடிந்தது. கொல்லையில் பன்றி புகுந்தாலும், உரிமத் துப்பாக்கி வைத்திருக்கும் விவசாயி தன் இஷ்டத்துக்குச் சுட முடியாது. ஆனால் சுடும் வேலை அடியோடு நின்றுவிடவில்லை. கேரளம் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களின் அனுமதியோடு உரிமதாரர்களைப் பன்றி சுடப் பயன்படுத்துகிறது. தமிழ்நாடு 2025 தொடக்கத்தில், காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்று முடிவெடுத்தது. மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் என்றால் வீடும் மாட்டுக்கொட்டகையும் இருக்கிற இடம். அங்கே குறி தப்பக் கூடாது.

தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு 1907இல் ஜிம் கார்பெட் சுட்ட சம்பாவத் புலியே சாட்சி. 436 பேரைக் கொன்றதாக அவர் கணக்குச் சொல்லும் அந்தப் பெண்புலியின் வலப்பக்கக் கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. யாரோ எப்போதோ சுட்ட குண்டின் பழைய காயம் அது. இரையை அடிக்க முடியாமல் போன புலி மனிதர்களிடம் வந்தது. அதைச் சுடும்போது கார்பெட்டின் சொந்தத் தோட்டாக்கள் தீர்ந்துபோக, தாசில்தாரின் பழைய துப்பாக்கியைக் கடன் வாங்க வேண்டியிருந்தது. பேரலுக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியும் இடைவெளி விழுந்திருந்த துப்பாக்கி. இருபதடி தூரத்தில் வாயைக் குறிவைத்துச் சுட்ட குண்டு முன்னங்காலில் பட்டது. ஏற்கெனவே காயப்பட்டிருந்ததால்தான் புலி விழுந்தது.

குறி தப்புவதில் இரண்டு விதம் உண்டு. ஐந்து குண்டும் நெருக்கமாக விழுந்து, அந்தக் கூட்டம் மொத்தமாக ஒரு பக்கம் தள்ளிப் போயிருந்தால் அது நகர்வு. ஐந்தும் ஐந்து பக்கம் விழுந்தால் அது சிதறல். நகர்வுக்குப் பெரும்பாலும் சைட்டைத் திருகுவது சரியான வைத்தியம். செலவில்லை, சீக்கிரம் முடியும், எத்தனை கிளிக் என்று எழுதி வைத்தால் பழைய இடத்துக்கே திருப்பவும் முடியும். சிதறலுக்கு அது வைத்தியமே அல்ல. சிதறும் ரைஃபிளில் இரண்டு குண்டு நடுவில் விழுந்தால் அது தற்செயல். மூன்றாவது எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. திருகுகிறவர் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதே இல்லை. அவர் பழக்கத்தின் பெரிய ஓட்டை இதுதான்.

விவரம் தெரிந்தவர்கள் வேறு முறை சொல்வார்கள்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, சுட்டுப் பார், முன்பு சுட்ட தாளோடு ஒப்பிடு. ஸ்க்ரூவை இறுக்கிச் சுடு, பிறகு வேறு தோட்டாவில் சுடு, பிறகு வேறு ஆளைச் சுடச் சொல். காரணத்தைத் தனியே பிரித்தெடுக்க இதைவிட நேர்மையான வழி கிடையாது. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றியவருக்கு ரைஃபிள் சரியானாலும், எதனால் சரியானது என்று தெரியாது. ஆனாலும் இந்த முறை தோட்டா தாராளமாகக் கிடைக்கும் நாட்டுக்காரர்களுடையது. இங்கே எத்தனை தோட்டா வைத்திருக்கலாம் என்பதை உரிமப் புத்தகம் சொல்கிறது. சுட்டுப் பார்க்க முறையான இடம் பக்கத்தில் இல்லை. சிக்கனத்துக்காக மூன்று குண்டோடு நிறுத்தினால் அந்த மூன்றே பொய் சொல்லும். நல்ல ரைஃபிளும் சில நேரம் மூன்றை அகலமாகப் போடும், கெட்ட ரைஃபிளும் நெருக்கமாகப் போடும். அவசரத்தில் தொடர்ந்து சுட்டால் பேரல் சூடேறி இன்னொரு குழப்பம் சேரும்.

ஆகவே நம் ஊரில் தோட்டாவுக்கு முன் கண்ணும் கையும் வேலை செய்ய வேண்டும். .303 ராணுவத் தோட்டா பொதுமக்களுக்குக் கிடையாது என்பதால், ஈஷாபூர் ரைஃபிள் தொழிற்சாலை அதே லீ-என்ஃபீல்டு அமைப்பில் .315 ரைஃபிளைச் செய்தது. உரிமதாரர்கள் பலரிடம் இருப்பது அதுதான். அதன் கட்டை இரண்டு துண்டு. முன்கட்டை மழைக்காலத்தில் ஊதி, கோடையில் சுருங்கும். ட்ரிகர் கார்டு ஸ்க்ரூ தளர்ந்தாலும், ரைஃபிள் உதைக்கும்போது தாங்க வேண்டிய மரம் தேய்ந்தாலும் குண்டு சிதறும். உள்ளே தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஸ்க்ரூக்களையும் சைட்டையும் அசைத்துப் பார்க்க ஐந்து நிமிஷம் போதும்.

அடுத்தது பேரல். பழைய தோட்டாக்களின் கேப் வெடித்தபின் குழலில் ஓர் உப்பு படியும். அது எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். எண்ணெய் மட்டும் போட்டு மூடிவைத்த குழலுக்குள் அந்த உப்பு ஈரத்தை இழுத்து, சுருள் பள்ளங்களை அரிக்கும். வெந்நீர் ஊற்றிக் கழுவி, நன்றாக உலர்த்தி, பிறகு எண்ணெய் போடுவதே முறை. தேர்தல் காலத்தில் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு மாதக்கணக்கில் பிரிந்திருக்கும் உரிமதாரர்கள் இதை முன்கூட்டியே செய்ய வேண்டும். இரும்புக் கம்பியைக் குழல்வாய் வழியாக நுழைத்துத் துடைப்பதும் கெடுதல். குண்டு கடைசியாகத் தொட்டுப் போகும் விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்தால் குண்டு கோணலாகப் புறப்படும். .315இல் போல்ட்டைக் கழற்றிப் பின்பக்கமிருந்தே துடைக்கலாம்.

கடைசியாகச் சுடுகிற ஆள். ஐம்பது வயதுக்கு மேல் முன் சைட் மங்கும். உதைக்குப் பயந்து கண் முன்னதாகவே மூடும். பழகிய இன்னொருவர் ஐந்து குண்டு சுட்டால் இது தெரிந்துவிடும்.

2021 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில், பயிற்சித் தளத்திலிருந்து வழிதவறிய குண்டு ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் வீட்டிலிருந்த சிறுவனின் தலையில் பாய்ந்தது. சில நாளில் அவன் இறந்தான். முறையான தளத்திலேயே இப்படி நடந்திருக்கும்போது, கொல்லை மேட்டில் மரத்தைக் குறிவைத்து ரைஃபிளைச் சோதிப்பதை எந்தக் காரணம் சொல்லியும் ஏற்க முடியாது.

வனத்துறைக்கு என் கோரிக்கை இது. பன்றி சுட அனுப்பும் ஒவ்வொரு ரைஃபிளும், களத்தில் பயன்படுத்தப்போகும் அதே தோட்டாவில், அங்கீகரிக்கப்பட்ட தளத்தில் ஐந்து குண்டு சுட்ட தாளோடுதான் வெளியே போக வேண்டும். அந்தத் தாளில் சிதறல் தெரிந்தால் சைட்டைத் தொடாமல் ரைஃபிளைப் பழுதுபார்க்க அனுப்புங்கள்.