தோழிக்கு ஓடிபி வராது

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு மதியம், முதலாமாண்டு மாணவி ஒருத்தி தன் தோழியின் கையைப் பிடித்தபடி துறை அறைக்கு வந்தாள். பேசியது தோழிதான். யாரோ இவள் முகத்தை வேறோர் உடம்பில் ஒட்டி, அந்தப் படத்தை இவளுக்கே அனுப்பி மிரட்டியிருக்கிறார்கள். கடைசியில் இவள் ஒரே வாக்கியம் சொன்னாள்: "எங்கப்பாவுக்கு மட்டும் தெரிய வேணாம் மேம், போனைப் புடுங்கிட்டு காலேஜையும் நிறுத்திடுவாரு." 18 நிறைய அவளுக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. பெண்கள், குழந்தைகள் மீதான இணையக் குற்றங்களைப் பெயர் சொல்லாமலே புகார் செய்ய ஒன்றிய அரசின் தளத்தில் வழி இருக்கிறது. மூவரும் உட்கார்ந்து அதில் பதிந்தோம்.

அதன்பிறகுதான் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை ஒரு பிரதியாக வாசிக்கத் தொடங்கினேன். 2023இல் இயற்றப்பட்டது. 18 நிறையாத எல்லோரும் அதற்குக் குழந்தைகள். குழந்தையின் தரவைக் கையாள 'பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல்' வேண்டும் என்கிறது பிரிவு 9. 2025 நவம்பரில் வந்த விதிகள், ஒப்புதல் தருபவர் வயதுவந்தவர்தானா என்பதை டிஜிலாக்கர் போன்ற ஆவணங்கள் வழியாகவும் உறுதிசெய்யலாம் என்கின்றன. இந்தப் பகுதி நடப்புக்கு வர 18 மாத அவகாசம். அமெரிக்காவில் யூட்டாவும் டெக்சஸும் இதே கடமையைச் செயலிக் கடைகளின் தலையில் வைத்து 2025இல் சட்டம் இயற்றின. ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குட்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கே வைத்திருக்க முடியாது. அப்படியொரு சட்டத்தை இங்கும் யோசிக்கலாம் என்று 2025 டிசம்பரில் நம் மதுரை உயர் நீதிமன்றக் கிளை சொன்னது.

'பெற்றோர்' என்பது பலர்பால் சொல். ஆணா பெண்ணா என்று காட்டாது. வீட்டில் அது அப்படி இருப்பதில்லை. முடிச்சூரிலும் பெருங்களத்தூரிலும் இருந்து மெப்ஸ் ஆலைகளுக்கு ஷிப்ட் போகும் அம்மாக்களின் பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். பல வீடுகளில் அம்மாவின் ஆதாரோடு இணைந்திருப்பது அப்பாவின் எண் அல்லது அண்ணனின் எண். நாடு முழுவதும் எடுத்துப் பார்த்தால், தான் பயன்படுத்தத் தனக்கென்று கைபேசி வைத்திருக்கும் பெண்கள் 54 சதவீதம்தான் என்றது 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. ஒப்புதல் கேட்டு ஓடிபி வந்தால் அது யார் சட்டைப்பையில் ஒலிக்கும்? என் வீட்டுக் கதையும் இதுதான். மகளின் டேப்லட் என் சம்பளத்தில் வாங்கியது. குடும்பக் கணக்கின் தலைவர் கணவர். அவள் ஓவியச் செயலி ஒன்றைக் கேட்டபோது அனுமதி கோரிய செய்தி அலுவலகத்திலிருந்த அவருக்குப் போனது. நான் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

இது புதிய தகராறு இல்லை. கோயம்புத்தூரில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தன் மகன் பெயரில் பத்திரம் வாங்க, காப்பாளர் என்று தானே கையெழுத்திட்டு விண்ணப்பித்தார். தந்தையின் கையெழுத்து வேண்டும் என்று ரிசர்வ் வங்கி திருப்பியனுப்பியது. தந்தை, அவருக்குப் 'பிறகு' தாய் என்கிறது 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் காப்பாளர் சட்டம். உச்ச நீதிமன்றம் 1999இல் அந்தப் 'பிறகு' என்பதற்கு 'இறந்த பிறகு' என்று மட்டும் பொருளில்லை, தந்தை பொறுப்பேற்காத நிலையையும் அது குறிக்கும் என்று பொருள்கொண்டது. ஒரு சொல்லுக்கு உரை எழுதித்தான் தாய் உள்ளே வந்தாள். சட்டம் மட்டும் அப்படியே நின்றது. புதிய சட்டத்தில் தந்தைக்கு முன்னுரிமை எழுதப்படவில்லை. எழுதத் தேவையும் இல்லை, சிம் கார்டு அந்த வேலையைச் செய்துவிடும்.

அகப்பொருள் நடத்தும்போது 'அறத்தொடு நிற்றல்' வந்தால் வகுப்பில் தூக்கம் கலையும். தலைவி தோழிக்குச் சொல்வாள், தோழி செவிலிக்கு, செவிலி நற்றாய்க்கு. தந்தையிடமும் தமையன்மாரிடமும் நற்றாய் குறிப்பாக மட்டும் உணர்த்துவாள். அந்த இலக்கணமும் பெண்ணைக் காவலில் வைத்ததுதான், இற்செறிப்பு என்று அதற்குத் துறையே உண்டு. ஆனாலும் ஆபத்தான ஒரு சேதி மெல்ல மெல்ல நகர அது நான்கு படி வைத்திருந்தது. நம் சட்டம் முதல் சொடுக்கிலேயே தந்தையிடம் போய் நிற்கிறது. அவர் பார்த்து அனுமதித்த செயலியில் நடந்த அசிங்கத்தை, அனுமதி தந்தவரிடமே ஒரு பெண் எப்படிச் சொல்வாள்?

பாதுகாப்பே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். அந்த மாணவியின் விரல் நடுங்கியதைப் பார்த்தவள் நான். பிரிவு 9இலேயே நல்ல பகுதி ஒன்று இருக்கிறது: குழந்தைகளைப் பின்தொடரக் கூடாது, அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டக் கூடாது. இதை எல்லா வயதினருக்கும் விரித்தால் இதற்காக யாரிடமும் வயதுச் சான்று கேட்க வேண்டியிருக்காது. நிறுவனங்களுக்கு அது நட்டம். அதனால்தான், நான் சந்தேகிக்கிறேன், கடையை விட்டுவிட்டு வாசலில் நிற்கும் பிள்ளையிடம் அடையாள அட்டை கேட்கிறோம். அடையாளங்களை நம் அரசு எப்படிக் காக்கும் என்பதற்குப் பொள்ளாச்சி இருக்கிறது. 2019இல் அங்கே புகார் கொடுத்த பெண்ணின் பெயரைக் காவல்துறையே வெளியே சொன்னது, அரசாணையும் சொன்னது. அவருக்கு 25 லட்சம் இழப்பீடு தரச் சொன்னது மதுரைக் கிளை. மிரட்டியவர்கள் ஒன்பது பேரும் வயதுவந்த ஆண்கள். எந்த வயதுச் சோதனையிலும் தேறியிருப்பார்கள்.

புதிய விதிகளைப் பற்றி அதே வகுப்பில் ஒருநாள் பேசினேன். அந்த மாணவி கடைசி வரிசையில் இருந்தாள். அவள் தோழி கை தூக்கினாள். "அப்பாவுக்குப் பதிலா நீங்க ஓகே குடுக்கலாமா மேம்?"

விதியை எடுத்து மறுபடி வாசித்தேன். பெற்றோர், சட்டப்படியான காப்பாளர். அவ்வளவுதான் இருந்தது.