மேன்முறையீடும் காத்திருப்பும்

மில்லிக்கனில் எம்மவர் ஒருவருக்கு ‘வெல்ஃபெயர்’ நிறுத்தக் கடிதம் வந்தால், உள்ளக மீளாய்வு கேட்க 30 நாட்கள். பின்னர் சமூக நலக்கொடுப்பனவுத் தீர்ப்பாயத்திடம் மேன்முறையிட இன்னுமொரு 30 நாட்கள். எமது நாட்களை இப்படி எண்ணுபவர்கள், விசாரணைக்கு மாதக்கணக்கில் காக்க வைக்கிறார்கள்.

இதை வெறும் நிர்வாகச் சோம்பல் எனக் கொள்வது தவறு என்பேன். காத்திருக்கும் காலத்துக்கு இடைக்கால உதவி கேட்கலாம்தான். ஆனால் மேன்முறையீட்டில் தோற்றால் அந்தப் பணம் கடனாகி, பிந்திய கொடுப்பனவுகளில் கழிக்கப்படும். ஆக, தீர்ப்பாயம் தாமதிக்கத் தாமதிக்க விண்ணப்பதாரியின் கடன்தான் ஏறுகிறது. 1995இல் மைக் ஹரிஸ் அரசு 21.6 வீதம் வெட்டியது பகிரங்கமாக. இந்த வெட்டு சத்தமின்றி நடக்கிறது.

அகதி மனம் பற்றி எமது சஞ்சிகைகள் எத்தனை பக்கங்கள் எழுதின! ஆங்கிலக் கடிதத்தை வாசித்துச் சொல்ல ஆளின்றி அந்த 30 நாட்களையும் தவறவிடும் முதியவர் பற்றி ஒரு பந்தியாவது எழுதினோமா?