மிஸ் ஜாக்சன் கேட்ட தாளம்

‘நாஸ்டி’ பாட்டின் தொடக்கத்தில் ஜேனட் ஜாக்சன் பாடுவதில்லை, தாளம் கேட்கிறார். கேட்கிறார் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. அதட்டுகிறார். அடுத்த நொடி வந்து விழுகிறது அந்த அடி. தோலும் மரமும் சேர்ந்து எழுப்பும் முழக்கமில்லை அது. இயந்திரத்தின் இரும்புச் சத்தம். நாலு நாலாக நடப்பதுபோலத் தோன்றும் நடைக்குள்ளே மும்மூன்றாக ஒரு துள்ளல் ஒளிந்திருக்கிறது. பாட்டைப் பதிவு செய்தபோது அவருக்கு 19 வயது.

அதற்கு முன் இரண்டு ஆல்பங்கள் வந்திருந்தன: 1982இல் ஒன்று, 1984இல் ஒன்று. இரண்டும் தந்தை ஜோசப் ஜாக்சன் நிர்வாகத்தில் வந்தவை. இரண்டாவதில் ஜியார்ஜியோ மொரோடர் இருக்கிறார், அண்ணன் மார்லன் இருக்கிறார், இங்கிலாந்தின் கிளிஃப் ரிச்சர்டோடு ஒரு ஜோடிப் பாட்டும் உண்டு. இல்லாதது ஜேனட் மட்டும்தான். ஏழு வயதிலேயே லாஸ் வேகஸ் மேடையில் அண்ணன்மாரோடு நின்றவர், ‘குட் டைம்ஸ்’ தொலைக்காட்சித் தொடரில் பென்னியாக அமெரிக்க வீடுகளுக்குள் நுழைந்தவர். எல்லோருக்கும் தெரிந்த குழந்தை. போதாக்குறைக்கு ‘திரில்லர்’ வெளியான வீட்டுக்குக் கடைசிப் பெண். அந்த வீட்டில் யார் வாய் திறந்தாலும் உலகம் மைக்கேலைத்தான் கேட்கும்.

குழந்தைப் பாடகர்கள் பெரியவர்களாவதை நாம் நிறையப் பார்த்தாயிற்று. பெரும்பாலும் கல் வைத்துப் பழுக்கவைத்த மாம்பழம்தான்: மேல்தோல் மஞ்சள், உள்ளே புளிப்பு. குரலைத் தடிமனாக்குவார்கள், உச்சஸ்தாயியில் கத்துவார்கள், உடையைக் குறைப்பார்கள். 1986 பிப்ரவரியில் வந்த ‘கன்ட்ரோல்’ ஆல்பம் இந்த வழிக்கே போகவில்லை. இத்தனை ஆண்டுகள் கழித்தும் நான் அதைத் திரும்பத் திரும்பக் கேட்பதற்கு அதுதான் காரணம்.

ஏ அண்ட் எம் நிறுவனத்தின் ஜான் மெக்ளெய்ன் அவரை ஜிம்மி ஜாம், டெர்ரி லூயிஸ் என்ற இரட்டையரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். இவர்கள் பிரின்ஸ் உருவாக்கிய ‘த டைம்’ குழுவில் வாசித்தவர்கள். 1983இல் அட்லாண்டாவில் வேறொரு குழுவுக்காகப் பதிவு செய்யப் போனபோது பனிப்புயலில் மாட்டிக்கொண்டு, கச்சேரிக்குப் போய்ச் சேர முடியாமல், பிரின்ஸால் வேலையிலிருந்து நீக்கப்பட்டவர்கள். (பாப் இசை அந்தப் பனிப்புயலுக்கு நன்றி சொல்ல வேண்டும்.) ஜேனட்டுக்கு அவர்கள் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: பதிவு மினியாபோலிஸில், எங்கள் ஸ்டூடியோவில். குடும்பம் கூட வரக்கூடாது.

போனவருக்கு முதல் சில நாள் வேலையே கொடுக்கவில்லை. ஊர் சுற்றினார்கள், படம் பார்த்தார்கள், பேசினார்கள். கட்டுப்பாடான வீடு, 18 வயதில் ஓடிப்போய்ச் செய்துகொண்டு சீக்கிரமே முறிந்த திருமணம், தந்தையின் பிடியிலிருந்து விலகுவது என்று பேச்சு எங்கெங்கோ போயிருக்கிறது. எப்போது வேலையைத் தொடங்குவோம் என்று அவரே கேட்ட பிறகு, எழுதி வைத்திருந்த வரிகளை நீட்டினார்கள். நாம் பேசிக்கொண்டிருந்ததுதானே இது என்று வியந்தாராம். தொடங்கியாயிற்று என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. ஒன்பது பாட்டில் ஏழில் எழுதியவர்கள் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. அந்த ஊரிலேயே விடுதிக்கு வெளியே சில ஆண்கள் அவரை வம்புக்கு இழுத்தார்கள். யாரையும் துணைக்குக் கூப்பிடாமல் எதிர்த்து நின்றதிலிருந்து பிறந்ததுதான் ‘நாஸ்டி’ என்று அவரே சொல்லியிருக்கிறார். செல்லப் பெயர் வைத்துக் கூப்பிடுகிறவனுக்குத் தன் பெயர் என்ன என்று அதில் சொல்லிக் கொடுக்கிறார், குடும்பப் பெயரோடு. அதுவரை சுமையாக இருந்த ‘ஜாக்சன்’ அங்கே கைக்கு வாகான ஆயுதமாகிவிடுகிறது.

இனி ஒலிக்கு வருவோம். ஜேனட்டின் குரல் சின்னது. காற்று கலந்தது, மேல் ஸ்தாயியில் மெலிந்து போவது. விட்னி ஹ்யூஸ்டன் கொடிகட்டிப் பறக்கத் தொடங்கிய நேரம் அது. அந்தக் குரலோடு போட்டிக்கு நிற்க முடியாது. ஜாமும் லூயிஸும் அதைப் பெரிதாக்கும் முயற்சியிலேயே இறங்கவில்லை. குரலை அப்படியே விட்டுவிட்டு, சுற்றியிருப்பதை எல்லாம் கடினமாக்கினார்கள். என்சோனிக் மிராஜ் என்ற, அன்றைய கணக்கில் விலை குறைந்த சாம்ப்ளர். அதை வாங்கும்போது கூடவே வரும் ஒலிகளைத்தான் ‘நாஸ்டி’யில் போட்டு அறைந்தார்கள். அதற்கு மேல் டிரம் இயந்திரம். ஆனால் அடிக்கும் அடிக்கும் நடுவே தாராளமாக வெற்றிடம். அந்த வெற்றிடத்தில்தான் குரல் நிற்கிறது. மெல்லிய குரலில் அதட்டினால் எதிராளி இன்னும் உற்றுக் கேட்பான் என்பதை மூவரும் கண்டுகொண்டார்கள்.

அவர் அந்த இடைவெளியைப் பயன்படுத்தும் விதம் அலாதி. ராகமாக இழுப்பதற்கு முன் சொல்லின் வல்லோசையைப் பிடித்துத் தாளத்தின் மேல் குத்துகிறார். நடனக்காரரின் காது அது. கால் எங்கே விழ வேண்டுமோ அங்கே நாக்கு விழுகிறது. கொன்னக்கோல் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்தச் சுகம் சட்டென்று பிடிபடும். பின்னணியில் ஒலிக்கும் குரல்களிலும் அவர் குரலே அடுக்கடுக்காக வருகிறது. தனக்குத் தானே துணை நிற்கிறார்.

எல்லாப் பாட்டும் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். ‘ஹி டஸன்ட் நோ ஐ’ம் அலைவ்’ பழைய ஆல்பத்திலிருந்து தப்பி வந்த பாட்டு. அவர் எழுதாத இரண்டில் அது ஒன்று என்பது தற்செயலாக எனக்குப் படவில்லை. இன்னொன்றான ‘த பிளெஷர் பிரின்சிபில்’, ‘த டைம்’ குழுவின் மான்டி மோயர் எழுதியது. அது விதிவிலக்கு. காதல் முறிவைக் கண்ணீர் விடாமல், கணக்குத் தீர்ப்பதுபோலப் பேசும் பாட்டு அது. குளிர்ந்த கீபோர்டு அதற்கு எடுப்பாகப் பொருந்துகிறது. ‘வென் ஐ திங்க் ஆஃப் யூ’ அவருக்கு அமெரிக்காவில் முதல் நம்பர் ஒன் இடத்தைக் கொடுத்தது. இனிமையானதுதான். ஆனால் இந்த ஆல்பத்தின் கூர்மையை அதில் தேடக்கூடாது.

என் ஓட்டு ‘லெட்ஸ் வெயிட் அவைல்’ பாட்டுக்கு. ‘கன்ட்ரோல்’ என்று தலைப்பு வைத்து, முதல் பாட்டில் பேச்சாகவே தன் கதையைத் தொடங்கி, இரண்டாவதில் ஆண்களை நிறுத்தி வைத்த பெண், எட்டாவது பாட்டில் காதலனிடம் உடலுறவுக்கு இன்னும் கொஞ்சம் பொறுப்போம் என்கிறார். உபதேசத் தொனி இல்லை. பயமும் இல்லை. இயந்திர அடிகள் பின்வாங்கிவிட, வாக்கியத்தின் முடிவுகளில் குரல் ஏறக்குறைய மூச்சாகிவிடுகிறது. வயது வந்ததைக் காட்ட அவசரப்படுவதுதான் வழக்கம்; இவரோ நிதானத்தில் காட்டுகிறார். எய்ட்ஸ் பற்றிய அச்சம் பரவியிருந்த ஆண்டுகளில் அமெரிக்க வானொலிகள் இதை ஓயாமல் ஒலிபரப்பின.

ஜாமுக்கும் லூயிஸுக்கும் அந்த ஆண்டின் தயாரிப்பாளருக்கான கிராமி கிடைத்தது. ‘நாஸ்டி’யின் துள்ளல் அடுத்த சில ஆண்டுகளில் நியூ ஜாக் ஸ்விங் என்று தனிப் பாணியாகவே வளர்ந்தது. நிறுவனம் அதே அச்சில் இன்னொன்றை எதிர்பார்த்தது. 1989இல் ஜேனட் கொடுத்தது ‘ரிதம் நேஷன் 1814’: இனவெறி, எழுத்தறிவின்மை, போதைப்பொருள். தயாரிப்பாளர்கள் அதே இருவர். தலைப்புப் பாட்டில் ஸ்லை அண்ட் த ஃபேமிலி ஸ்டோன் குழுவின் கிட்டார் துண்டு ஒன்றைச் சுழலவிட்டு, அதன்மேல் அடியை முன்னைவிடக் கடுமையாக்கினார்கள். குரலை மட்டும் யாரும் தொடவில்லை.