லேடர் எதற்குச் சாட்சி?

இலங்கையில் உள்நாட்டிலேயே தொற்றிய மலேரியா கடைசியாக 2012 ஒக்டோபரில் பதிவானது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்டை மலேரியா அற்றதாக அறிவித்தது. இனி அந்த நோய் வெளியிலிருந்துதான் வரவேண்டும். திருகோணமலை போன்ற துறைமுக மாவட்டம் அதற்குத் திறந்த வாசல். நோயைக் காவும் அனோபிலிஸ் நுளம்புகளும் நாட்டை விட்டுப் போய்விடவில்லை. 2018 இறுதியில், வெளியிலிருந்து வந்த ஒரு தொற்று நுளம்பு வழியாக உள்நாட்டில் இன்னொருவரைப் பற்றியது. ஆகவே சந்தேகத்துக்குரிய ஒவ்வொரு குருதி மாதிரியிலும் எந்த இன ஒட்டுண்ணி இருக்கிறது என்பது ஐயமறத் தெரியவேண்டும். இந்த இனங்களுள் பல்சிபாரம் சில நாட்களில் உயிரைக் குடிக்கக்கூடியது. வைவாக்ஸும் ஓவேலும் ஈரலில் ஒளிந்திருந்து மாதங்கள் கழித்துத் தலைகாட்டும். அவற்றுக்குக் கூடுதல் மருந்து வேண்டும்.

நுணுக்குக்காட்டியில் ஐயம் தீராதபோது கைகொடுப்பது, டி.என்.ஏ.வின் குறித்த துண்டைப் பெருக்கிக் காட்டும் பிசிஆர். ஸ்னூனூவும் சக ஆய்வாளர்களும் 1993இல் வெளியிட்ட இரண்டு கட்ட முறை, ஒவ்வோர் இனத்துக்கும் வெவ்வேறு நீளமுள்ள டி.என்.ஏ. துண்டைத் தருகிறது: பல்சிபாரத்துக்கு 205 மூலச் சோடிகள், மலேரியேக்கு 144, வைவாக்ஸுக்கு 120. ஓவேலின் துண்டு ஏறத்தாழ 800. இவற்றை அகரோஸ் ஜெல்லில் ஓட்டி, நீளம் தெரிந்த துண்டுகளின் கலவையான லேடரைப் பக்கத்தில் ஓட்டி ஒப்பிடுவது வழக்கம். இந்த ஒப்பீட்டின்மேல் நாம் ஏற்றிவைக்கும் பாரம் அது தாங்கக்கூடியதைவிட அதிகம் என்பது என் கருத்து.

அதற்காக லேடர் வேண்டாம் என்பதல்ல. லேடர் இல்லாத ஜெல் படம் எதையும் நிரூபிக்காது. துண்டு நிற்கும் கோடு, அதாவது பேண்ட், பளிச்சென்று தெரியலாம். அது பெருக்கலைத் தொடக்கிவைக்கும் சிறு துண்டுகளான பிரைமர்கள் விட்ட, 100க்குக் கீழே நிற்கும் கழிவா, முதற்கட்டத்திலிருந்து மிஞ்சிவந்த நீண்ட துண்டா என்று யார் சொல்வது? மின்னோட்டம் சரியாகப் பாய்ந்ததா, ஜெல் போதிய நேரம் ஓடியதா என்பதையும் லேடரின் படிகள் பிரிந்திருக்கும் விதம் உடனே காட்டிவிடும். ஆய்வுக் கட்டுரைகளில் லேடரை வெட்டிவிட்டு நடுப்பகுதியை மட்டும் அச்சிடும் பழக்கத்தை ஏற்கவே முடியாது.

சிக்கல், எண்ணைப் படிக்கும்போது தொடங்குகிறது. வழக்கமான 100 மூலச் சோடி லேடரில் 100க்கும் 200க்கும் இடையில் ஒன்றுமில்லை. மலேரியேயும் வைவாக்ஸும் விழுவது அந்த வெற்றிடத்தில்தான். சரிபாதியில் நிற்கும் பேண்டைக் கண் 150 என்று எடுத்துக்கொள்ளும். ஆனால் துண்டு ஓடும் தூரம் அதன் நீளத்தின் மடக்கையைச் சார்ந்தது. அதனால் அந்த நடுப்புள்ளி 141ஐ ஒட்டியே இருக்கும். 144 நீளமுள்ள மலேரியேத் துண்டைக் கண்ணளவில் படித்தால் கிட்டத்தட்ட 153 என்று வரும். இந்த 153 யாருடையது தெரியுமா? குரங்குகளிலிருந்து மனிதருக்குத் தொற்றும் நோலெசியைக் கண்டறிய, 2004இல் வெளியான சரவாக் ஆய்வில் பயன்பட்ட பிரைமர்கள் தரும் நீளம் அது. நுணுக்குக்காட்டியில் நோலெசியை மலேரியே என்று பிழையாகப் படித்துவந்தது வெளிப்பட்டதும் அதே ஆய்வில்தான்.

மூல முறையில் இனத்துக்கொரு குழாய் என்பதால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் எழாது. செலவைக் குறைக்க எல்லாப் பிரைமர்களையும் ஒரே குழாயில் இடும்போது தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு லேடரிடம் போய்விடுகிறது. உள்ளூர் மலேரியா காலத்தில் எதிர்பார்க்கவேண்டியவை பெரும்பாலும் வைவாக்ஸும் பல்சிபாரமும்தான். 120க்கும் 205க்கும் இடைவெளி தாராளம். இன்று எந்த நாட்டு ஒட்டுண்ணியும் வரலாம் என்ற நிலையில் 24 மூலச் சோடி வித்தியாசத்தை 2 சதவீத ஜெல்லில் கண்ணால் தீர்மானிப்பது ஆபத்து.

மாதிரியில் உப்பு கூடினால் துண்டு மெதுவாக ஓடும். ஜெல்லின் நடுப்பகுதி சூடேறினால் பேண்டுகள் வளையும். ஒரு ஓரத்தில் மட்டும் லேடரை விட்டால் இந்த வளைவு கண்ணுக்குத் தப்பிவிடும். இவற்றையெல்லாம் சரிசெய்தாலும் லேடருக்குத் தெரிவது நீளம் மட்டுமே. 205 நீளத்தில் மனித டி.என்.ஏ. துண்டொன்று தற்செயலாகப் பெருகியிருந்தாலும் அதே இடத்தில்தான் நிற்கும். எனவே இனம் உறுதியாகத் தெரிந்த மாதிரியை அதே பிசிஆரில், அதே ஜெல்லில், ஐயத்துக்குரிய மாதிரிக்கு அடுத்தே ஓட்டுவதைக் கட்டாயமாக்கவேண்டும். வெறும் நீரை வைத்து ஓட்டும் குழாயும் கூடவே இருக்கவேண்டும். 50 மூலச் சோடி லேடர், 3 சதவீத ஜெல், இரு ஓரத்திலும் லேடர் என்பவை அதற்குத் துணை. அப்படியும் ஐயம் எஞ்சினால் துண்டின் வரிசையையே படித்துப் பார்க்கவேண்டும்.

இறக்குமதி லேடர் விலை அதிகம், இரண்டு ஓரத்துக்கு எப்படிக் கட்டுப்படியாகும் என்று சிறிய ஆய்வுகூடங்கள் கேட்பது நியாயம். அதற்கு வழி இருக்கிறது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 2017இல் வெளியிட்ட இரண்டு பிளாஸ்மிட்களை பக்டீரியாவில் வளர்த்து பிஎஸ்டி-1 நொதியால் வெட்டினால் 100 மூலச் சோடி லேடர் கிடைக்கும். 50 மூலச் சோடிப் படிகள் இல்லாவிட்டாலும் இரண்டாவது ஓரத்துக்கு அது போதும். அதை விலைக்கு வாங்கிய லேடரோடு ஒருமுறை ஓட்டிச் சரிபார்த்துவிட்டால், மிஞ்சும் பணத்தை பிரைமருக்கும் பொலிமரேசுக்கும் செலவிடலாம்.