‘நான் யார்?’ நூலில் மௌனம்

‘நான் யார்?’ ரமண மகரிஷியின் அத்வைத உபதேசத்தைச் சுருங்கக் கூறும் தமிழ் உரைநடை நூல். தென்னார்க்காடு மாவட்ட வருவாய்த்துறையில் பணியாற்றிய சிவப்பிரகாசம் பிள்ளை, 1901-1902 காலத்தில் திருவண்ணாமலையில் ரமணரிடம் கேட்ட வினாக்களிலிருந்து இந்நூல் உருவானது. அக்காலத்தில் ரமணர் பேசுவதில்லை. மௌன விரதம் எதுவும் பூண்டிருக்கவில்லை. பேசும் நாட்டம் இல்லாதிருந்தார். ஆகவே விடைகளைச் சைகையாலும் எழுத்தாலும் அளித்தார். பிள்ளை அவற்றைப் பாதுகாத்து 1923-இல் வெளியிட்டார்.

மௌனம் என்பதன் பொருள்

பேசாதிருத்தலே மௌனம் என்பது பொதுவான எண்ணம். இந்நூலோ ‘நான்’ என்ற நினைப்பே தலைதூக்காத நிலைக்கு அப்பெயரைத் தருகிறது. வாய் மூடியிருந்தும் உள்ளே வாதமும் சினமும் ஓடிக்கொண்டிருந்தால் அது மௌனமாகாது என்பது இதிலிருந்து பெறப்படும். மூச்சை அடக்கினால் மனம் அடங்கும். ஆனால் மூச்சு வெளிப்பட்டதும் மனமும் வெளிப்படும். எனவே மூச்சடக்கத்தை நூல் துணைக்கருவியாக மட்டுமே ஏற்கிறது. நாவடக்கத்தையும் இதே அளவுகோலால் மதிப்பிடலாம். எண்ணம் எழும்போதெல்லாம் அது யாருக்கு எழுந்தது என்று ஆராய்வதே நூல் காட்டும் நேர்வழி.

மதிப்பீடு

எளிய உவமைகளும் சிறிய அளவும் நூலின் வலிமை. வாசனை, விருத்தி, சொரூபம் போன்ற சொற்கள் தக்க விளக்கமின்றி வருவது புதிய வாசகருக்குத் தடையாகலாம்.

ரமணரே பின்னர் இதனைக் கட்டுரை வடிவிலும் எழுதினார். கட்டுரையில் கருத்தோட்டம் சீராக உள்ளது. எனினும் வினா-விடை வடிவத்தில் தெரியும் ஓர் உண்மை அதில் மங்கிவிடுகிறது: மௌனத்தில் இருந்தவர் கேள்வியைத் தள்ளவில்லை. தட்சிணாமூர்த்தி சனகாதி முனிவர்களின் ஐயத்தை மௌனத்தாலேயே தீர்த்தார் என்பது மரபு. தட்சிணாமூர்த்தி தோத்திரத்தைத் தமிழாக்கியவர் ரமணர். அவரே சிவப்பிரகாசம் பிள்ளைக்கு எழுத்தில் விடை தந்தார். முனிவர்களுக்கு மௌனம் போதுமானதாயிற்று. பிள்ளைக்கு எழுத்தும் தேவைப்பட்டது. கேட்பவரின் பக்குவம் அறிந்து உதவுவதே இங்கு உபதேசமாகிறது.

‘மௌனமே உயர்ந்தது’ என்று கூறி மாணவரின் ஐயங்களை அடக்குவோர் இந்நூலைத் துணைக்கு அழைக்க முடியாது. இது கேள்வியில் பிறந்த நூல். இதன் தலைப்பும் கேள்வியே. சொல் கேள்வியை உள்நோக்கித் திருப்பும் வரை உடன் வருகிறது. அதன்பின் நடக்க வேண்டியவர் வாசகரே. முதலில் வினா-விடை வடிவத்தையும் அடுத்துக் கட்டுரையையும் படிப்பது பயன் தரும்.