சிறைக்காலமும் காதலும்: பெற்றோரின் போர் நினைவைக் காக்கும் எழுத்துகள்

இரண்டாம் உலகப்போரின்போது தென்கிழக்காசியாவில் வாழ்ந்த தமிழரின் நினைவுகள் நம் ஆய்வுலகில் பெரும்பாலும் வரலாற்றுச் சான்றுகளாகவே கையாளப்பட்டுள்ளன. எந்த முகாம், எந்தப் படைப்பிரிவு, எந்த ஆண்டு என்று கேட்கிறோம். சிறைப்பட்டவர் அக்காலத்தில் யாரை விரும்பினார் என்பது குடும்பச் செய்தியென ஒதுங்கிவிடுகிறது. இவ்விரண்டையும் பிரித்தால் இரண்டுமே சிதையும் என்பது இக்கட்டுரையின் கருத்து. லட்சுமி சாகல் பற்றிய பதிவுகளையும் ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’ நாவலையும் அருகருகே வைத்து இதனை நோக்கலாம்.

லட்சுமி சுவாமிநாதன் 1914இல் சென்னையில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1938இல் பட்டம் பெற்று, 1940இல் சிங்கப்பூர் சென்றார். 1943இல் சுபாஷ் சந்திரபோஸ் அமைத்த ஜான்சி ராணி படைக்குத் தலைமை ஏற்றார். 1945இல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு, 1946 மார்ச் வரை பர்மாவில் காவலில் இருந்தார். இந்திய தேசிய ராணுவத்தின் அதிகாரியான பிரேம் சாகல் பர்மாவில் சரணடைந்து, 1945 நவம்பரில் தில்லிச் செங்கோட்டையில் விசாரணைக் கூண்டில் நின்றார். இருவரும் 1947 மார்ச்சில் லாகூரில் மணந்துகொண்டு கான்பூரில் வாழ்ந்தனர்.

இக்காதலும் சிறையும் நூலேறிய விதம் கவனிக்கத்தக்கது. அமெரிக்க வரலாற்றாசிரியர் பீட்டர் வார்டு ஃபே, கான்பூரில் பணியாற்றிய 1960களில் இவ்விணையரை அறிந்தார். அவர்களுடைய நினைவுகூரல்களையே பெரிதும் தழுவி, மறக்கப்பட்ட படை என்னும் பொருள்படும் தலைப்பில் 1993இல் தம் நூலை வெளியிட்டார். அதற்கு முந்தைய ஆண்டே பிரேம் மறைந்துவிட்டார். ஃபேயின் நூல் படைவரலாறாக இருந்தும் இருவர் நெருக்கத்தை அடிக்குறிப்பாக்கவில்லை; பின்வாங்கும் படையின் கதைக்குள்ளேயே அதனை வைக்கிறது. பிரிந்து நிற்கும் இருவரில் ஒருவர் என்ன ஆனார் என்பது மற்றவருக்குத் தெரியாத நிலைதான் தோல்வியின் உண்மையான அளவு என்பதை அந்த வைப்புமுறை உணர்த்துகிறது. செங்கோட்டை விசாரணைப் பதிவுகள் இதனைத் தரமாட்டா. அங்குச் சிறைப்பட்டவரின் பேச்சு, சிறைப்பிடித்தவரின் கேள்விக்கு விடையாக மட்டுமே எஞ்சுகிறது.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். ஜான்சி ராணி படையில் சேர்ந்த பெண்களில் மிகப் பலர் மலாயா ரப்பர்த் தோட்டங்களின் தமிழ்ப் பெண்கள். அதிகாரிகளின் நினைவு ஆங்கிலத்தில் நூலாயிற்று. லட்சுமியின் தன்வரலாறும் 1997இல் ஆங்கிலத்திலேயே வந்தது. தோட்டத்துப் பெண்கள் அந்நூல்களில் அணிவகுப்பாகவே பெரிதும் தெரிகின்றனர். அவர்களுள் ஒருத்தி யாரை விரும்பினாள், போர் முடிந்து யாரிடம் திரும்பினாள் என்பதை அவள் பிள்ளைகள் எழுதியிருந்தால்தான் நாம் அறிய இயலும்.

இவ்விடத்தில்தான் சிங்காரத்தின் நாவல் முதன்மை பெறுகிறது. சிங்கம்புணரியில் 1920இல் பிறந்து, 1938இல் இந்தோனேசியா சென்று, போருக்குப்பின் 1946இல் தாயகம் திரும்பியவர் அவர். மனைவியையும் குழந்தையையும் அங்கேயே பேற்றின்போது இழந்தவர். தந்தையின் நினைவைக் கேட்டு எழுதப் பிள்ளை இல்லாத ஒருவர், அந்தப் பணியை நாவலிடம் ஒப்படைத்தார் என்று கொள்ளலாம். இது என் வாசிப்பு. அவர் அவ்வாறு சொன்னதாகக் கொள்ளவேண்டாம்.

‘கடலுக்கு அப்பால்’ நாவலின் செல்லையா, இந்திய தேசிய ராணுவத்திலிருந்து பினாங்குக்குத் திரும்புகிறான். முதலாளி வயிரமுத்துப் பிள்ளையின் மகள் மரகதத்தை விரும்புகிறான். துப்பாக்கி பிடித்த கை இனி வட்டிக்கடைக் கணக்கிற்கு ஆகாது என்பது முதலாளியின் முடிவு. பகைவனிடம் பிடிபடுவதைக் காட்டிலும் கொடிய சிறையொன்றை நாவல் இங்குக் காட்டுகிறது: போரில் பெற்ற தன்மதிப்பைக் கழற்றிவைத்தால் மட்டுமே பழைய வீட்டுக்குள் நுழையலாம். முதலாளியைத் தீயவராக ஆக்காதது சிங்காரத்தின் பெருந்தன்மை அன்று, தெளிவு. அவர் அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. போர் செல்லையாவை மாற்றிவிட்டது உண்மைதான். அந்த மாற்றத்தை அளக்கும் கோலாகவே காதல் இங்கு நிற்கிறது. ஆகவே இதனை வீரக்கதையோடு ஒட்டவைத்த காதற்கதை என்பார் கூற்று ஏற்கத்தக்கதன்று.

எனினும் நாவலின் பார்வை பெரும்பாலும் செல்லையாவுடனேயே செல்கிறது. மரகதம் பிற்காலத்தில் தன் பிள்ளைகளிடம் எதைச் சொல்லியிருப்பாள், எதை விழுங்கியிருப்பாள் என்பதற்கு நாவலில் இடமில்லை. ‘புயலிலே ஒரு தோணி’ பரப்பில் மிகப் பெரியது; இவ்வினாவிற்கு அதுவும் விடை தருவதில்லை.

சயாம் - பர்மா ரயில் பாதையின் நிலை இன்னும் கடினமானது. ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீண்ட அப்பாதை 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டது. காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் நேசநாட்டுக் கைதிகளுக்குத் தனித்தனிக் கல் உண்டு. மாண்ட தமிழ்த் தொழிலாளர்க்கு அவ்வாறு பெயர் பொறித்த கல் இல்லை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ ஆகிய மலேசிய நாவல்கள் அந்த வெற்றிடத்தில் எழுந்தவை. ரெங்கசாமியின் தலைப்பே அதனைச் சொல்லிவிடுகிறது.

சென்னையின் மேற்குப் புறநகரிலும் இவ்வகைப் பதிவுக்குக் களம் உண்டு. ஆவடி இன்றும் படையும் படைக்கலத் தொழிற்சாலையும் உள்ள ஊர். அம்பத்தூர், பூந்தமல்லி வரை ஓய்வுபெற்ற படையினரின் குடும்பங்கள் வாழ்கின்றன. அங்குச் செல்லும் வாய்மொழி ஆய்வாளர் வினாநிரலை மாற்றிக்கொள்ள வேண்டும். தந்தையிடம் போரைக் கேட்டு, தாயிடம் தந்தையைப் பற்றிக் கேட்பதே வழக்கமாக உள்ளது. கடிதம் வராத மாதங்களில் தாய் என்ன செய்தார் என்று அவரிடமே, தனியே, கேட்கப்பட வேண்டும். பேச்சுவழக்கைத் திருத்தாமல் எழுதுவதும், சொல்ல மறுத்த இடத்தை ‘இங்கு நிறுத்தினார்’ எனக் குறிப்பதும் தேவை. அச்சிடும்போது பிள்ளைகள் முதலில் அடிக்க விரும்புவது பெரும்பாலும் அந்த வரியைத்தான்.