நான்கு விரல் அகலப் பூத்தையல்

கண்ணாடிச் சில்லும் குஞ்சமும் ஒட்டுத்துணியும் மறுபடி காலத்தின் மோஸ்தராகிவிட்டன. 2024 பிப்ரவரியில் பாரிஸில் க்ளோயே நிறுவனத்துக்காகக் கெமெனா கமாலி காட்டிய முதல் தொகுப்பு 1970-களின் தளர்வான, அலையலையான உடைகளை மீட்டு வந்தது. ‘போஹோ’ என்ற பழைய பெயர் உலகம் முழுக்க மீண்டும் புழக்கத்துக்கு வந்தது. அதன் வாடை தருமபுரி கடைவீதி வரைக்கும் வீசுகிறது. ரெடிமேட் கடை வாசலில் தொங்கும் குர்த்திகளின் நெஞ்சுப் பகுதியில் வட்ட வட்டமாக ஏதோ மின்னுகிறது. கிட்டே போய்த் தொட்டால் பல துணிகளில் அது பசையில் ஒட்டிய பிளாஸ்டிக் தகடு. இன்னும் சிலவற்றில் வெறும் அச்சு. துணியோ பாலியஸ்டர். சித்திரை வெயிலில் தருமபுரியில் அதைப் போட்டுக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஒரு மணி நேரம் உட்கார முடியாது.

இந்த மோஸ்தரின் அசல் இதே மாவட்டத்தில் கையால் தைக்கப்படுகிறது. அரூரைத் தாண்டி, சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவில் கிடக்கிறது சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு. மலைவாசி மக்கள் பெருவாரியாக வாழும் அந்தப் பள்ளத்தாக்கில் லம்பாடிகளின் குடியிருப்புகளும் உண்டு. அவற்றைத் தண்டா என்பார்கள். அங்குள்ள பெண்கள் ‘போர்கை’ என்ற பெயரில் ஒன்றுகூடி, தங்கள் பாட்டிகளின் பூத்தையலை இன்றைய உடைகளில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நடப்பு மோஸ்தரை அன்றாட உடைக்குள் எப்படிக் கொண்டுவருவது என்று யோசிக்கிறவர்கள் ஆடை இதழ்களைப் புரட்டுவதற்கு முன்னால் இவர்களுடைய துணி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

லம்பாடிகள் மாட்டுப் பொதிகளில் உப்பும் தானியமும் ஏற்றி நாடு முழுக்க நடந்த வணிகர்கள். 17-ஆம் நூற்றாண்டில் தக்காணத்துக்கு வந்த முகலாயப் படைகளுக்குத் தானியம் கொண்டுசேர்த்தவர்களும் இவர்கள்தான். ஆயிரக்கணக்கான மாடுகளோடு போகும் இவர்களுடைய பயணக் கூட்டங்களை பிரெஞ்சு வணிகர் தாவெர்னியே எழுதி வைத்திருக்கிறார். பிறகு ரயில் வந்தது. பொதிமாட்டு வணிகம் படுத்தது. 1871-இன் குற்றப் பரம்பரைச் சட்டம் நாடோடிக் குழுக்கள் பலவற்றின் மேல் விழுந்தபோது இவர்களும் தப்பவில்லை. நடந்துகொண்டே இருந்தவர்கள் ஆங்காங்கே தண்டாக்களில் தங்கிப்போனார்கள்.

வீடும் நிலமும் நிலையில்லாத வாழ்க்கையில் சொத்தை உடம்பிலேயே சுமக்க வேண்டியிருந்தது. அந்தத் தேவையும் அழகுணர்ச்சியும் சேர்ந்து பிறந்ததுதான் லம்பாடிப் பெண்ணின் உடை. ஃபேட்டியா என்கிற பெரிய கொசுவப் பாவாடை, முதுகில் கயிறு கட்டும் காஞ்சலி என்கிற ரவிக்கை, தலையை மூடும் முக்காடு, இவை மூன்றும் சேர்ந்தது முழு உடை. சிவப்பும் நீலமும் கறுப்பும் அடித்துணி. அதன் மேல் மஞ்சள், பச்சை, வெள்ளை, ஆரஞ்சு நூல்கள். நூல் வேலைக்கு நடுநடுவே கண்ணாடி, சோழி, நாணயம், உலோக மணி. ஓரங்களில் கம்பளிக் குஞ்சம். இத்தனையும் ஒரே உடையில் இருந்தும் கண் கூசுவதில்லை. காரணம், அடியில் ஓடும் கணக்கு. முக்கோணம், சதுரம், சாய்சதுரம், நேர்கோடு ஆகிய வடிவங்களை விட்டு இந்தத் தையல் அதிகம் விலகாது. நிறம் எவ்வளவு துள்ளினாலும் வடிவம் அதைப் பிடித்து நிறுத்திவிடும்.

தமிழ்நாட்டுத் தண்டாக்களில் இந்த உடை மெல்ல மெல்லப் பெட்டிக்குள் போனது. பெண்கள் புடவைக்கு மாறினார்கள். அவர்களுடைய மகள்கள் சுடிதாருக்கு மாறினார்கள். பிழைப்புக்காகத் திருப்பூருக்கும் வெளியூர்களுக்கும் போகிறவர்கள் ஊரோடு கலந்து நிற்கவே விரும்புவார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உடுத்தாத உடையை யாரும் தைக்க மாட்டார்கள். தைக்காத தையல் ஒரு தலைமுறைக்குள் கையை விட்டுப் போய்விடும். சிட்லிங்கியில் அந்த விளிம்புக்கே போய்விட்டது. மூத்த பெண்கள் சிலரின் விரல்களில் மட்டும் மிச்சம் இருந்தது.

மருத்துவத் தம்பதியான ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் 1993-இல் சிட்லிங்கிக்கு வந்து ஒரு ஓலைக் குடிசையில் மருத்துவமனை தொடங்கினார்கள். அங்கிருந்து வளர்ந்த பழங்குடியினர் நல முயற்சி, மருத்துவத்தோடு நின்றுவிடாமல் இயற்கை வேளாண்மைக்கும் பெண்களின் வருமானத்துக்கும் போனது. 2006 வாக்கில் அதன் துணையோடு லம்பாடிப் பூத்தையல் திரும்பவும் கற்றுத்தரப்பட்டது. அறிந்த மூத்தவர்கள் சொல்லிக்கொடுக்க, இளையவர்கள் உட்கார்ந்து போட்டுப் பழகினார்கள். போர்கை என்றால் லம்பாடி மொழியில் பெருமிதம். இன்று இரண்டு தண்டாக்களின் பெண்கள் 60-க்கும் மேற்பட்டோர் இதில் வேலை செய்கிறார்கள். வீட்டு வேலையும் காட்டு வேலையும் முடிந்த நேரத்தில் தைக்க முடிகிறது என்பது அவர்களுக்குப் பெரிய விஷயம்.

இனித்தான் ரசனைக்கான இடம் வருகிறது. அழிந்துகொண்டிருந்த கலையை மீட்கிறவர்கள் பழைய உடையை அப்படியே நகலெடுத்து, ஆடல் நிகழ்ச்சிக்கும் அருங்காட்சியகத்துக்கும் அனுப்பியிருக்கலாம். சிட்லிங்கிப் பெண்கள் அப்படிச் செய்யவில்லை. தாங்களே இப்போது உடுத்தாத பாவாடையை ஊரார் உடுத்துவார்கள் என்று அவர்கள் எதிர்பார்க்கவும் இல்லை. கொசுவப் பாவாடை முழுக்கப் பரவியிருந்த தையலை நறுக்கி, குர்த்தாவின் கழுத்தோரத்துக்கு, கைப்பட்டிக்கு, புடவையின் கரைக்கு, ஷாலின் நுனிக்கு, தோள்பையின் மடிப்புக்குக் கொண்டுவந்தார்கள். நாலு விரல் அகலம், சில இடங்களில் அதுவும் இல்லை. மீதித் துணியை வெறுமையாக விட்டார்கள். அந்த வெறுமையில்தான் தையல் பேசுகிறது.

இந்தக் குறைப்பு சாதாரண முடிவல்ல. நிறைவே அழகு என்று நூற்றாண்டுகளாக நம்பிய ஒரு கலை, தன் சொற்களை இழக்காமல் சுருக்கமாகப் பேசக் கற்றுக்கொண்டிருக்கிறது. எந்தக் கோட்டை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்திருக்கிறார்கள். கழுத்துப் பட்டியில் ஓடும் ஒரே வரிசை முக்கோணமானாலும் அது லம்பாடித் தையல் என்று பார்த்தவுடன் தெரிகிறது.

நல்ல வேலையை அடையாளம் காண ஒரு வழி இருக்கிறது. துணியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். மிஷின் எம்பிராய்டரியின் பின்பக்கம் நூல் சிக்கலையும் ஒட்டிய காகிதத்தையும் காட்டிக்கொடுக்கும். தேர்ந்த லம்பாடிக் கையின் பின்பக்கம் ஒழுங்காக இருக்கும். கோடுகள் அங்கேயும் கோடுகளாகவே போகும். கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல இங்கே துணியின் பாவும் ஊடும்தான் புள்ளிகள். பென்சிலால் வரைந்துகொள்ளாமல், இழையை எண்ணி ஊசி இறங்குகிறது. கிலன், வேலே, மாக்கி, பக்கியா என்று தையல் வகைகளுக்குத் தனித்தனிப் பெயர் இருக்கிறது. கர்நாடகத்தின் சண்டூரில் வாழும் லம்பாணிப் பெண்கள் இப்படிப் பதினான்கு வகைகளைச் சொல்கிறார்கள். அவர்களுடைய பூத்தையலுக்கு 2010-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சண்டூரும் சிட்லிங்கியும் ஒரே வேரின் கிளைகள் என்றாலும் சிட்லிங்கியின் நிறம் கொஞ்சம் அடங்கியது. அதற்கு அடித்துணியும் ஒரு காரணம். பள்ளத்தாக்கின் உழவர்கள் ரசாயனம் போடாமல் விளைவிக்கும் பருத்தியிலிருந்து கைத்தறித் துணி, இயற்கைச் சாயம் என்று போர்கை நகர்ந்திருக்கிறது. அவுரியின் நீலத்தில் மஞ்சள் நூல் விழும்போது வருகிற ஒளி, பளபளக்கும் ரசாயன நீலத்தில் வராது.

இனி அவரவர் அலமாரிக்கு வருவோம். தருமபுரியில் பள்ளிக்கூடத்துக்கோ வங்கிக்கோ போகும் ஒரு பெண்ணிடம் நிறைய காட்டன் புடவைகள் இருக்கும். அவர் போஹோவுக்காக ஒன்றும் தூக்கிப்போட வேண்டாம். ஒரே நிறத்தில், பார்டர் மெல்லிசாக இருக்கும் கைத்தறிப் புடவைக்குப் பூத்தையல் போட்ட ரவிக்கை ஒன்று போதும். தையல் முழங்கையின் பட்டியிலோ முதுகுக் கழுத்திலோ இருக்கட்டும். இரண்டிலும் வேண்டாம். புடவையில் ஏற்கெனவே கட்டமோ புட்டாவோ இருந்தால் இந்த ரவிக்கை அதோடு மோதும். வெற்றுத் துணிதான் இதற்குத் துணை.

இப்போது தமிழ்நாட்டுத் தையல் கடைகள் எல்லாவற்றிலும் ஆரி வேலைதான் பேச்சு. கல்யாணத்துக்கு மணியும் கல்லும் ஜரியும் ஏற்றிய ஆரி ரவிக்கை ஆயிரக்கணக்கில் செலவு வைக்கிறது. முகூர்த்தம் முடிந்ததும் பீரோவில் ஏறுகிறது. ஆரியும் கைத்திறன்தான், மதிக்க வேண்டியதுதான். ஆனால் வாரம் ஒருமுறை உடுத்தி, கையால் அலசி, திரும்பவும் உடுத்தக்கூடிய வேலைப்பாடு என்று கேட்டால் இந்தப் பருத்தித் தையலே முன்னால் நிற்கும். அதே பணத்தைப் பத்து வருஷத்தில் பிரித்துப் பார்க்கலாம்.

ஜீன்ஸ் போடும் கல்லூரிப் பெண்ணுக்கு இன்னும் எளிது. தளர்ந்த வெள்ளைச் சட்டை இப்போதைய மோஸ்தர். அதன் பையோரத்தில் ஒரு பட்டித் தையல் போதும். லம்பாடித் தையல் போட்ட துணித் துண்டைப் பழைய டெனிம் ஜாக்கெட்டின் தோளில் வைத்துத் தைக்கலாம். கிழிந்ததைக் கண்ணுக்குத் தெரியும்படி அழகாக ஒட்டுப்போடுவதும் இன்று உலகெங்கும் விரும்பப்படுகிறது. ஆண்களுக்கு? கைத்தறிச் சட்டையின் காலர் உட்பட்டியிலோ பட்டன் பட்டியிலோ ஒரு வரிசை. வேட்டியோடும் பேன்ட்டோடும் பொருந்தும். கண்ணாடி வேண்டாம், நூல் மட்டும்.

கண்ணாடி பற்றி உறுதியாகச் சொல்லிவிடலாம். ஒரு உடையில் அது முகத்துக்குக் கிட்டே இருக்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே அது வீண். கழுத்தோரக் கண்ணாடி ஒளியை முகத்துக்கு ஏற்றும். நாலைந்து போதும். அதற்கு மேல் போனால் நவராத்திரி மேடைக்கான உடையாகிவிடும்; அலுவலகத்துக்கு உதவாது. பூத்தையல் போட்ட அன்று கழுத்தில் வேறு எதுவும் போடாமல் விடுவதும் நல்லது. தோடு மட்டும் இருந்தால் தையலே நகையாகிவிடும்.

மேலிருந்து கீழ்வரை போஹோவாக உடுத்துகிறவர்களைப் பார்த்தால் அவர்கள் யாரென்று தெரிவதில்லை. எந்த வருஷம் என்று மட்டும் தெரிகிறது. வழக்கமாக உடுத்தும் உடைக்குள் புதிதாக ஒன்றே ஒன்று வந்து உட்காரும்போதுதான் மோஸ்தரும் தெரியும், ஆளும் தெரிவார். போர்கையின் அளவு அதனால்தான் பாடமாகிறது.

யாருடைய தையல் என்று சொல்லிப் போடுவதும் ரசனையில் சேர்ந்ததுதான். 2020-இல் மெக்சிகோவின் புரேபெச்சா மக்களின் வடிவங்களை எடுத்தாண்டதற்காகப் பிரெஞ்சு வடிவமைப்பாளர் இசபெல் மாரான் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. 2025 ஜூனில் மிலான் மேடையில் பிராடா காட்டிய தோல் செருப்பைப் பார்த்து, இது கோலாப்பூரிச் செருப்பல்லவா என்று மகாராஷ்டிரம் கேட்டது. அந்தச் செருப்புக்கு 2019 முதல் புவிசார் குறியீடு இருக்கிறது. தன் வடிவத்துக்குப் பின்னால் இந்தியக் கைவினை இருப்பதை நிறுவனம் பிறகு ஒப்புக்கொண்டது. மாரானும் பிராடாவும் பெரிய பெயர்கள் என்பதால் கேள்வி எழுந்தது. நம் ஊர்க் கடைகளில் லம்பாடித் தையலை அச்சாக ஓட்டி விற்கும்போது யாரும் கேட்பதில்லை. கேட்கத் தொடங்க வேண்டியவர்கள் வாங்குகிறவர்கள்தான்.

துணியைக் காப்பாற்றுவதும் கடினமல்ல. பூந்திக்கொட்டைத் தண்ணீரிலோ மென்மையான சோப்பிலோ தனியாக அலசி, நிழலில் உள்பக்கம் வெளியே தெரியக் காயப்போட வேண்டும். இஸ்திரியைப் பின்பக்கம்தான் போட வேண்டும். கண்ணாடி மேல் சூடு படக்கூடாது. முறுக்கிப் பிழிந்தால் நூல் இழுபடும்.

விலை ரெடிமேட் குர்த்தியைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஒரு கழுத்துப் பட்டிக்கே ஒரு பெண் நாள்கணக்கில் உட்கார்கிறார் என்றால் அது நியாயமான விலை. தீபாவளிக்கு முந்தின வாரம் போய் அவசரப்படுத்தாமல், ஆடியிலேயே சொல்லிவைத்து, பேரம் பேசாமல் ஒன்று வாங்குங்கள். நல்ல நாளுக்கென்று எடுத்து வைக்காமல் அடுத்த திங்கட்கிழமை வேலைக்கே அதை உடுத்திப் போங்கள். யார் தைத்தது என்று யாராவது கேட்டால், சிட்லிங்கித் தண்டாப் பெண்கள் என்று சொல்லுங்கள்.